புகையூட்டும் முன் பன்றி விலாவை உப்புநீரில் ஊறவைத்தல்

பன்றி விலாவைத் திறந்தவெளியில் ஐந்தாறு மணி நேரம் புகையில் வேகவைக்கப் போகிறவர், அதை முன்கூட்டியே உப்புநீரில் ஊறவைத்துத்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கொழுப்பும் இணைப்புத் திசுவும் நிறைந்த விலாக்கறி, கோழியின் நெஞ்சுக்கறியைப் போல எளிதில் வறண்டு போகிற வகை அன்று. ஆனாலும் ஊறிய விலாவுக்கும் ஊறாத விலாவுக்கும் வேறுபாடு தெரியவே செய்கிறது. உப்பு, மேலே தூவியதைப் போல மேற்பரப்போடு நின்றுவிடாமல், எலும்பை ஒட்டிய சதை வரை ஒரே சீராக உறைக்கிறது. நெருப்பு சிறிது நேரம் கைமீறினாலும் கறி அதைத் தாங்கிக்கொள்கிறது. இந்தப் பயன் கிடைப்பதும், உண்ண முடியாத உப்புக்கறி கிடைப்பதும் அளவையும் நேரத்தையும் பொறுத்தவை. அந்த உப்புக் கணக்கு ஊறவைக்கும் பாத்திரத்தோடு முடிவதில்லை. மசாலா, இடையில் தெளிக்கும் சாறு, கடைசியில் பூசும் சாஸ் என எல்லாவற்றையும் அதில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

உப்பு கறிக்குள் செய்யும் வேலை

உப்புநீரில் ஊறும் கறி நீரை உறிஞ்சுவதற்குச் சவ்வூடு பரவல்தான் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். அது மட்டுமே காரணமாக இருந்தால், வெளியே உப்புச் செறிவு கூடுதலாக இருப்பதால் கறியிலிருந்து நீர் வெளியேற வேண்டுமே தவிர உள்ளே போகக் கூடாது. உண்மையில் உப்பு மெல்ல மெல்லக் கறிக்குள் பரவி, தசைநார்களில் உள்ள மயோசின் முதலிய புரதங்களின் அமைப்பைத் தளர்த்துகிறது. நெருக்கமாக அடுக்கப்பட்ட இழைகள் ஒன்றையொன்று விலக்கி உப்பிக்கொள்ள, அந்த இடைவெளியில் நீர் தங்குகிறது. இப்படித் தளர்ந்த புரதம் சூடேறும்போது முன்போல் இறுகிச் சுருங்குவதில்லை. ஆகவே பிழிந்து வெளியேறும் நீரின் அளவும் குறைகிறது. உள்ளே போன நீரில் ஒரு பகுதி வேகும்போது எப்படியும் வெளியேறிவிடும். கறிக்கு மிஞ்சுவது அந்தத் தளர்ச்சியும், உள்வரை சென்ற உப்பும்தான்.

உப்பைப் போல மற்றவை உள்ளே போவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை ஆகியவற்றின் மணப்பொருட்கள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நின்றுவிடுகின்றன. உப்புநீரில் பதினைந்து வகை மசாலாப் பொருட்களைக் கொட்டிக் கொதிக்கவைக்கும் செய்முறைகளைப் பார்க்கும்போது, அவற்றில் பாதியை மேற்பூச்சில் சேர்த்திருந்தால் வாய்க்காவது கிடைத்திருக்குமே என்று தோன்றுகிறது.

கறியைத் தேர்ந்தெடுத்தல்

விலாவில் இரு வகை புழக்கத்தில் உள்ளன. முதுகெலும்பை ஒட்டிய மேற்பகுதியிலிருந்து எடுப்பது சிறியது, வளைந்தது, கொழுப்புக் குறைந்தது. இதை பேபி பேக் என்பார்கள். வயிற்றுப் பக்கத்திலிருந்து எடுக்கும் ஸ்பேர் ரிப்ஸ் பெரியது, தட்டையானது, கொழுப்பும் இணைப்புத் திசுவும் கூடுதலாக உள்ளது. முதல் வகை விரைவில் உப்பை ஏற்கும், விரைவில் வேகும். எனவே இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஒரே நேரம் ஊறவைப்பது சரியாக வராது.

வாங்கும்போது உறையில் அச்சிட்டிருப்பதைக் கட்டாயம் படிக்க வேண்டும். சில உற்பத்தியாளர்கள் உப்பும் பாஸ்பேட்டும் கலந்த கரைசலை ஊசி மூலம் கறிக்குள் ஏற்றியே விற்கிறார்கள். உறையில் இத்தனை விழுக்காடு கரைசல் சேர்க்கப்பட்டது என்றோ, பொருட்பட்டியலில் உப்பு, சோடியம் பாஸ்பேட் என்றோ குறிப்பு இருக்கும். அத்தகைய கறி ஏற்கெனவே ஊறியது. அதை மறுபடியும் உப்புநீரில் போட்டால் எந்தக் கணக்கும் எடுபடாது. உப்பில்லாத மசாலாவைப் பூசி நேராக அடுப்புக்குக் கொண்டுபோவதே சரி.

எலும்புப் பக்கத்தில் வெண்மையாகப் பளபளக்கும் சவ்வை ஊறவைப்பதற்கு முன்பே உரித்துவிட வேண்டும். அது வெந்தாலும் மெல்ல முடியாத தோலாகவே நிற்கும். உப்பும் புகையும் அந்தப் பக்கத்திலிருந்து உள்ளே போவதையும் மட்டுப்படுத்தும். விலா வரிசையின் ஒரு முனையில் எலும்பின்மேல், முனை மழுங்கிய கத்தியையோ கரண்டிக் காம்பையோ சவ்வுக்கு அடியில் நுழைத்து நெம்பி, விரல் நுழையும் அளவு கிளப்பிக்கொண்டு, வழுக்காமல் இருக்கக் காகிதத் துவாலையால் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் ஒரே இழுப்பில் வந்துவிடும். அதே பக்கத்தில் தொங்கும் தளர்ந்த சதைத் துண்டையும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எறிந்துவிட வேண்டாம், அதற்கு ஒரு வேலை இருக்கிறது.

அளவு

உப்பைக் கோப்பையாலோ கரண்டியாலோ அளக்கவே கூடாது. தராசில் நிறுக்க வேண்டும். உப்பின் மணி எவ்வளவு பெரியது, எவ்வளவு நெருக்கமாகப் படிகிறது என்பதைப் பொறுத்து அதே கோப்பையில் அடங்கும் எடை இரு மடங்குவரை மாறும். 240 மில்லிலிட்டர் கோப்பை நிறையப் பொடியுப்பு ஏறக்குறைய 290 கிராம் இருக்கும். இலேசான செதில் உப்பு அதே கோப்பையில் 140 கிராமைக்கூடத் தொடாது. முதல் முறை நான் செதில் உப்புக்குச் சொல்லப்பட்டிருந்த இரண்டு கோப்பையைப் பொடியுப்பில் அளந்து, நான்கு லிட்டர் நீரில் கரைத்து, இரவு முழுவதும் ஊறவிட்டேன். ஆறு மணி நேரம் நெருப்பைக் காத்து எடுத்த அந்த விலாவை யாராலும் இரண்டாவது வாய் உண்ண முடியவில்லை. அன்று முதல் சமையலறைத் தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குவதில்லை.

பெரும்பாலோருக்குப் பொருந்தும் அளவு, ஒரு லிட்டர் நீருக்கு 60 கிராம் உப்பு, 30 கிராம் சர்க்கரை. இரண்டு விலா வரிசைகளுக்குப் பொதுவாக நான்கு லிட்டர் நீர் போதும். ஆக 240 கிராம் உப்பும் 120 கிராம் சர்க்கரையும் தேவைப்படும். வரிசைகளைக் குறுக்கே பாதியாக வெட்டி, ஜிப் வைத்த பெரிய நெகிழிப் பைகளில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடினால் இதில் பாதி நீரே போதுமானது. குளிர்பதனப் பெட்டியில் இடமும் மிச்சமாகும். நீரைக் குறைக்கும்போது உப்பையும் அதே விகிதத்தில் குறைக்க மறந்துவிடக் கூடாது. அயோடின் சேர்த்த உப்பா, சேர்க்காத உப்பா என்பதில் பெரிய வேறுபாடு இல்லை. சில பொடியுப்புகளில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளால் நீர் சற்றுக் கலங்கித் தெரியும்; அதனால் தீங்கில்லை.

நேரத்தைக் கவனித்துக்கொண்டிருக்க முடியாதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. கறியும் நீரும் சேர்ந்த மொத்த எடைக்கு எவ்வளவு உப்பு வேண்டுமோ அவ்வளவை மட்டும் போட்டு, உள்ளும் புறமும் சமநிலைக்கு வரும்வரை ஊறவிடுவது அந்த முறை. மூன்று கிலோ விலாவில் ஏறத்தாழ ஒரு கிலோவை எலும்பு என்று கழித்துவிட்டால், இரண்டு கிலோ சதையும் மூன்று லிட்டர் நீரும் சேர்ந்து ஐந்து கிலோ, அதில் 1.5 விழுக்காடு என்றால் 75 கிராம் உப்பு. இதில் ஒரு முழு நாள் கறி கிடந்தாலும் அளவுக்கு மீறி உப்பேறாது, ஏனெனில் மீறுவதற்கு நீரில் உப்பே இல்லை. எலும்பின் எடை உத்தேசம்தான் என்பதால் இது துல்லியமான கணக்கு அன்று. ஆனால் பிழை நேர்ந்தாலும் சிறிய பிழையாகவே நிற்கும். வேலைக்குப் போய் வருபவர்களுக்கு நான் இதையே சொல்வேன்.

சர்க்கரை உப்பின் கரிப்பைச் சற்றுத் தணிக்கும், மேற்பரப்பு சிவக்கவும் உதவும். வினிகர், எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பொருட்களை உப்புநீரில் சேர்க்க நான் விரும்புவதில்லை. மணிக்கணக்கில் ஊறும்போது மேற்சதை மாவுபோல ஆகிவிடும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சோடியம் நைட்ரைட் கலந்த இளஞ்சிவப்புப் பதப்படுத்தும் உப்பு இந்த வேலைக்குத் தேவையில்லை. அதைச் சேர்த்தால் விலா உள்வரை சிவந்து, ஹாம் எனப்படும் பதப்படுத்திய பன்றித் தொடைக்கறி போன்ற சுவைக்கு மாறிவிடும். அளவு மீறினால் உடலுக்கே ஆபத்து. சமையலுக்குப் பயன்படும் இளஞ்சிவப்பு இமாலயக் கல்லுப்பும் அதுவும் வேறு வேறு. நிறத்தைப் பார்த்து ஒன்றுக்கு மற்றொன்றை எடுத்துவிடக் கூடாது.

குளிர்ச்சி

ஒரு லிட்டர் நீரை மட்டும் சூடாக்கி, உப்பையும் சர்க்கரையையும் முழுமையாகக் கரைத்து, மணப்பொருட்கள் சேர்ப்பதானால் அவற்றையும் அதிலேயே போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு இறக்க வேண்டும். மீதி மூன்று லிட்டரைக் குளிர்ந்த நீராகவும் பனிக்கட்டியாகவும் சேர்த்தால் கரைசல் விரைவில் குளிரும். ஒரு கிலோ பனிக்கட்டி ஒரு லிட்டர் நீருக்குச் சமம் என்பதால் அதையும் தராசில் நிறுத்தே போட வேண்டும்; கண்ணளவில் பனிக்கட்டியை அள்ளிப் போட்டால் முன்பு நிறுத்த உப்புக்குப் பொருளில்லாமல் போகும். வெப்பமானி 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே காட்டிய பிறகுதான் கறியை உள்ளே இறக்க வேண்டும். வெதுவெதுப்பான உப்புநீரில் இறங்கிய கறி, கிருமிகள் வேகமாகப் பெருகும் 4 முதல் 60 டிகிரி வரையான வெப்பநிலையில் நெடுநேரம் கிடக்கும். இந்தச் செறிவிலுள்ள உப்பு அதைத் தடுக்கப் போதாது.

பாத்திரம் துருப்பிடிக்காத எஃகு, கண்ணாடி, உணவுக்கேற்ற நெகிழி இவற்றுள் ஒன்றாக இருக்கலாம். உப்பு அரிக்கும் என்பதால் அலுமினியம் ஆகாது. கறி மிதந்து வெளியே தலைகாட்டாதபடி ஒரு தட்டை மேலே வைத்து அழுத்தி, மூடி, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். மேல்தட்டில் வைத்துச் சிந்தினால் கீழே உள்ள எல்லா உணவும் கெடும். பெட்டியில் இடமில்லையென்றால் பயணங்களுக்குப் பயன்படும் ஐஸ்பெட்டி உதவும். அப்போது கறியையும் உப்புநீரையும் மூடிய பைக்குள் வைத்து, பனிக்கட்டியைப் பைக்கு வெளியே நிரப்ப வேண்டும். உள்ளே போட்டால் அது உருகி உப்புநீரை நீர்த்துப்போகச் செய்யும்.

நேரம்

லிட்டருக்கு 60 கிராம் உப்பிட்ட நீரில் சிறிய முதுகுப்பக்க விலாவுக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம், பெரிய வயிற்றுப்பக்க விலாவுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் போதும். விலாக்கறி மெல்லியது, இரு பக்கமும் திறந்தது, பெரிய தொடைக்கறிக்குச் சொல்லப்படும் இரவு முழுவதுமான ஊறல் இதற்குப் பொருந்தாது. எட்டு மணி நேரத்தைத் தாண்டினால் உப்பு மிகுவதோடு, சதையின் நயமும் மாறி ரப்பர்போல இழுபடத் தொடங்கும்.

முன்பு வெட்டி எடுத்த சதைத் துண்டு இங்கேதான் பயன்படுகிறது. அதையும் விலாவோடு சேர்த்தே ஊறவைத்து, நேரம் முடிந்ததும் எடுத்துத் துடைத்து, எண்ணெய் தடவிய வாணலியில் நன்றாக வேகும்வரை வாட்டி உண்டு பார்க்க வேண்டும். அது விலாவைவிட மெல்லியது என்பதால் அதில் உப்பு சற்றே தூக்கலாக இருப்பதுதான் சரியான அடையாளம். வாய் கரித்தால் விலாவைப் பனிக்கட்டி மிதக்கும் நல்ல நீரில் அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை போட்டு வைத்தால் ஓரளவு உப்பு இறங்கும். எந்தக் கடிகாரக் கணக்கைவிடவும் இந்தச் சிறு துண்டின் தீர்ப்பை நான் நம்புகிறேன்.

பயன்படுத்திய உப்புநீரை மறுமுறைக்கு எடுத்துவைக்காமல் கொட்டிவிட வேண்டும். அளவு சரியாக இருந்தால் விலாவைக் குழாயடியில் பிடித்துக் கழுவ வேண்டியதும் இல்லை. அப்படிக் கழுவும்போது தெறிக்கும் துளிகள் கிருமிகளைச் சமையல் மேடை முழுவதும் பரப்பும்.

உலர்த்துதலும் மேற்பூச்சும்

உப்புநீரிலிருந்து எடுத்த விலாவைக் காகிதத் துவாலையால் இருபுறமும் ஒற்றி எடுத்து, கம்பித் தட்டின்மேல் பரப்பி, மூடாமல் குளிர்பதனப் பெட்டியில் குறைந்தது இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். மேற்பரப்பு ஈரம் சொட்டாமல், தொட்டால் விரலில் இலேசாக ஒட்டும் பக்குவத்துக்கு வரும். சொட்டச் சொட்ட ஈரத்தோடு அடுப்பேறினால் முதல் ஒரு மணி நேரமும் அந்த நீரை ஆவியாக்குவதிலேயே போய்விடும். வழிந்தோடும் நீர் மசாலாவையும் கரைத்துக் கோடு கோடாக இழுத்துச் செல்லும். அதற்காக நாள்கணக்கில் காயவைத்துத் தோல்போல ஆக்கவும் வேண்டாம். சற்றே பிசுபிசுப்புள்ள மேற்பரப்பில்தான் புகை நன்றாகப் படியும். ஊறவைப்பதை முந்தைய நாள் மாலையிலேயே முடித்து, இரவு முழுவதும் உலரவிடுவது எனக்கு வசதியாக இருக்கிறது.

மேற்பூச்சில் உப்பே இருக்கக் கூடாது. உப்புநீரைப் பழிக்கிறவர்களில் பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான்: ஊறிய கறியின்மேல் கடையில் வாங்கிய மசாலாவைப் பூசுகிறார்கள், அதன் பொருட்பட்டியலில் பல நேரம் உப்பே முதலிடத்தில் இருக்கும். மிளகுத்தூள், மிளகாய்த்தூள் அல்லது பாப்ரிகா, பூண்டுத்தூள், வெங்காயத்தூள், பழுப்புச் சர்க்கரை ஆகியவற்றை வீட்டிலேயே கலந்துகொள்ளலாம். வாங்கும் பூண்டு, வெங்காயப் பொடிகளிலும் உப்புக் கலந்தவை உண்டு. கலக்காதவையாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

புகையும் நெருப்பும்

புகையடுப்பைத் திறந்தவெளியிலேயே, சுவர், வேலி, கூரையோரம் ஆகியவற்றிலிருந்து நன்கு தள்ளி, சமதரையில் நிறுத்த வேண்டும். மழை வருகிறதென்று வண்டிக் கொட்டகைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ நகர்த்துவது உயிருக்கு ஆபத்து. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை.

கரி முழுவதும் சாம்பல் பூத்த பிறகு, அதை ஒரு பக்கமாக ஒதுக்கி, விலாவை நெருப்பில்லாத மறுபக்கத்தில் எலும்பு கீழே இருக்குமாறு வைக்க வேண்டும். கம்பித்தட்டின் மட்டத்தில் வெப்பம் 110 முதல் 120 டிகிரிக்குள் நிற்க வேண்டும். மூடியில் பதித்த வெப்பமானி கம்பித்தட்டின் வெப்பத்தைச் சரியாகக் காட்டுவது அரிது. காற்று பலமாக வீசும் நாளில் கரிக்குக் கூடுதல் காற்று கிடைத்து வெப்பம் ஏறும். அப்போது கீழ்த் துளையைச் சற்று மூட வேண்டும், புகைபோக்கியை மூடக் கூடாது. குளிரிலும் மழையிலும் மூடி வழியாக வெப்பம் இழக்கப்படுவதால் கரி கூடுதலாகச் செலவாகும். ஹிக்கரி, ஓக், ஆப்பிள், செர்ரி ஆகிய மரங்களில் ஏதேனும் ஒன்றின் உலர்ந்த துண்டுகள், கைப்பிடி அளவில் மூன்றோ நான்கோ போதும். பிசின் நிறைந்த ஊசியிலை மரங்களையும், வண்ணம் பூசிய அல்லது இரசாயனம் ஏற்றிய மரத்தையும் கிட்டவே கொண்டுவரக் கூடாது. புகை மெல்லியதாக, நீலம் பாய்ந்ததாக எழ வேண்டும். அடர்ந்த வெண்புகை கறியில் கசப்பை ஏற்றும்.

கறியை அறை வெப்பநிலைக்கு வரவிடும் வழக்கம் இங்கே வேண்டாம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து நேரே அடுப்புக்குப் போகட்டும். வெட்டிப் பார்க்கும்போது ஓரத்தில் தெரியும் இளஞ்சிவப்பு வளையம், புகையில் உள்ள வாயுக்கள் கறிக்கு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் உண்டாவது; மேற்புறச் சதை ஏறக்குறைய 60 டிகிரியை அடையும்வரைதான் அது வளரும் என்பதால், குளிர்ந்த கறிக்குக் கூடுதல் நேரம் கிடைக்கிறது.

இடையில் மேற்பரப்பு காய்ந்தால் நீரையோ ஆப்பிள் சாற்றையோ தெளிக்கலாம். சோயா சாஸ் கலந்த நீர்மங்கள் உப்பை ஏற்றுவதால் வேண்டாம். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு விலாவை அலுமினியத் தாளில் பொதிவது விரைவாக வேக உதவும். அப்படிப் பொதிந்தால் தாளுக்குள் தேங்கும் சாறு, ஊறிய கறியிலிருந்து இறங்கியது என்பதால், எதிர்பார்ப்பதைவிட உப்பாக இருக்கும். வழக்கம்போல் அதைச் சுண்டக் காய்ச்சிச் சாஸாக்கினால் அதுவரை காத்த அளவெல்லாம் வீணாகும். நான் அதை ஒரு கரண்டி மட்டும் எடுத்து, உப்பில்லாத தக்காளிச் சாஸில் கலக்கிறேன். சாஸைக் கடைசி அரை மணி நேரத்தில் மெல்லிய பூச்சாகப் பூசினால் போதும்.

63 டிகிரியை எட்டி மூன்று நிமிடம் ஆறினாலே பன்றிக்கறி உண்ணப் பாதுகாப்பானதுதான். ஆனால் அந்த நிலையில் விலா செருப்புத்தோல்போல இருக்கும். இணைப்புத் திசுவில் உள்ள கொலாஜன் என்ற புரதம் கரைந்து ஜெலட்டினாக மாறி மென்மை வருவது 90 முதல் 95 டிகிரி வாக்கில். எலும்புகளுக்கிடையே வெப்பமானியைச் சரியாகக் குத்துவது கடினம் என்பதால், வரிசையின் ஒரு முனையை இடுக்கியால் பிடித்துத் தூக்கிப் பார்ப்பதே எளிய சோதனை: மறுமுனை நன்றாக வளைந்து தொங்கி, மேற்பரப்பு வெடிக்கத் தொடங்கினால் வெந்துவிட்டது. பேபி பேக் நான்கு முதல் ஐந்து மணி நேரத்திலும், ஸ்பேர் ரிப்ஸ் ஐந்து முதல் ஆறு மணி நேரத்திலும் இந்தப் பக்குவத்துக்கு வரும். தொட்டவுடன் எலும்பு தனியே கழன்று வந்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள்.

பத்து நிமிடம் ஆறவிட்டு, எலும்புப் பக்கம் மேலே இருக்குமாறு திருப்பிப் போட்டால் எலும்புகளின் இடைவெளி கண்ணுக்குத் தெரியும், அங்கே வெட்டலாம். மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். கறி உதிர்த்த எலும்புகளைப் பயறு, பீன்ஸ் வகைகளோடு சேர்த்து வேகவைத்தால் புகைமணம் கமழும் சூப் கிடைக்கும். எலும்பில் ஒட்டியிருக்கும் உப்பு குழம்பில் இறங்க அரை மணி நேரமாவது ஆகும் என்பதால், அதற்கு உப்பிடுவதை ருசி பார்த்த பிறகு, கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும்.